உற்றவர்க்கு உற்றவர் துணை

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன் ஒரு கூறு. நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. நோயாளியின் அருகிலிருந்து பணிவிடை செய்பவன் நான்காம் கூறு. முதல் மூன்றும் எதற்கு என்று எவரும் கேட்கமாட்டார். நான்காவது ஆளுக்கு அத்துணை ஏற்றம் தந்தது ஏன் என்று சிலர் வியக்கலாம். வீட்டிலே ஒருவர் பல நாள் படுத்துக் கிடந்ததைக் கண்டவர்க்கு அந்த வியப்பு எழாது. வேளை தவறாமல் மருந்தை நீட்டிய கை, இரவில் விழித்திருந்த கண், 'இன்று சற்றுத் தேறியிருக்கிறீர்கள்' என்று சொன்ன வாய் ஆகியவை இல்லாமல் மருந்து மட்டும் பணி செய்துவிடாது என்பதை அவர்கள் அறிவர்.

அந்த நான்காவது ஆள் இல்லாத நோயாளியின் நிலை என்ன? தம் நோயின் பெயரை வீட்டாரிடம்கூடச் சொல்ல அஞ்சும் ஒருவருக்கு யார் மருந்தை நீட்டுவார்? இன்று நம்மிடையே அத்தகைய நோய் ஒன்று உண்டு. எச்.ஐ.வி. என்னும் வைரஸ் கிருமியால் வருவது அது. அதற்கு மருந்து இருக்கிறது; மருத்துவர் இருக்கிறார்; விலையின்றிக் கொடுக்கும் அரசு நிலையங்களும் இருக்கின்றன. ஆயினும் நான்காம் கூறு பலருக்கு வாய்ப்பதில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தவர்கள் யார் என்றால், அதே நோயை உடலில் தாங்கி, அதே மருந்தை நாள்தோறும் உண்டு வாழும் பிற நோயாளிகளே ஆவர். முதற்கூறாகிய உற்றவரே நான்காம் கூறாகவும் ஆனார். அவ்வாறு ஆன கதையையும், அதன் பயனையும், அதன் எல்லையையும் இன்று காண்போம்.

முதலில் நோயைப் பற்றிச் சில செய்திகள் தெரிந்திருத்தல் வேண்டும். நம் குருதியில் உள்ள வெள்ளணுக்களில் ஒருவகை சி.டி.4 அணுக்கள் எனப்படும். உடலுக்குள் புகும் கிருமிகளை எதிர்க்கும் படைக்கு இவையே தளபதிகள் போன்றவை. நலமுள்ளவர் உடலில் ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் இவை 500 முதல் 1500 வரை இருக்கும். எச்.ஐ.வி. கிருமி இவ்வணுக்களுக்குள்ளேயே புகுந்து, தன் மரபுச் செய்தியை அவற்றின் மரபுச் செய்தியோடு பின்னிவிடுகிறது. அதன்பின் அந்த அணு, கிருமியைப் பெருக்கும் தொழிற்சாலையாகிப் பின்னர் அழிகிறது. மருந்து உண்ணாதவரிடம் இவ்வழிவு மெல்ல மெல்லப் பல ஆண்டுகள் நடைபெறும். வெளிக்கு எந்தக் குறியும் தோன்றாமலே இருக்கலாம். சி.டி.4 அணுக்கள் 200க்கும் கீழே குறையும்போது காசநோய் முதலிய பிற நோய்கள் தடையின்றி வந்து சூழ்கின்றன. அந்த முற்றிய நிலைக்கே எய்ட்ஸ் என்று பெயர். ஆகவே எச்.ஐ.வி. உள்ளவர் எல்லாரும் எய்ட்ஸ் நோயாளிகள் அல்லர்.

இக்கிருமி பரவும் வழிகள் சிலவே. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள குருதியை ஏற்றுதல், தூய்மை செய்யாத ஊசி, கருவுற்ற தாயிடமிருந்தோ பாலூட்டும் தாயிடமிருந்தோ குழந்தைக்குச் செல்லுதல் ஆகியவையே அவை. தொடுவதாலும், ஒரே பலகையில் அமர்வதாலும், ஒரே பந்தியில் உண்பதாலும், கொசுக் கடியாலும் அது பரவுவதில்லை. இவ்வுண்மை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் அறிவு ஏற்றுக்கொண்டதை நெஞ்சம் ஏற்பதற்கு நெடுநாள் ஆகிறது.

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இந்நோய் முதன்முதல் மருத்துவ ஏடுகளில் பதிவாயிற்று. 1983இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் கிருமி கண்டறியப்பட்டது. 1996ஆம் ஆண்டு வரையில் இதற்கு உறுதியான மருந்து இருந்ததில்லை. அவ்வாண்டில், ஒரே மருந்தைத் தனியே கொடுப்பதை விட்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்கிவிடுகிறது என்பது நிலைநாட்டப்பட்டது. படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து நடந்தனர். எனினும் ஓராண்டு மருந்தின் விலை 10,000 டாலருக்கும் மேலாக இருந்தது. 2001ஆம் ஆண்டில் சிப்லா என்னும் இந்திய நிறுவனம் அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதன் பிறகே ஏழை நாடுகளுக்கு வழி திறந்தது. 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 4 கோடிப் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தனர், அவர்களுள் ஏறத்தாழ 3 கோடிப் பேர் மருந்து உண்டு வந்தனர். நம் நாட்டில் இக்கிருமியுடன் வாழ்வோர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர்.

மருந்து கிருமியை அடக்குகிறதே தவிர, வேரோடு களைவதில்லை. அணுக்களின் உள்ளே பின்னிக் கிடக்கும் கிருமி உறங்குகிறது. மருந்து நின்றால் விழித்துக்கொள்கிறது. அன்றியும், மருந்தை ஒருநாள் உண்டு ஒருநாள் விட்டால், குருதியில் அதன் அளவு குறைந்த வேளை பார்த்துக் கிருமி தன்னை மாற்றிக்கொள்கிறது. பின்னர் அதே மருந்தை முழு அளவில் கொடுத்தாலும் பயன்படாது. ஆகவே இது வாழ்நாள் முழுதும், நாள் தவறாமல் உண்ண வேண்டிய மருந்து. இன்று பெரும்பாலோர்க்கு மூன்று மருந்துகளும் அடங்கிய ஒரே மாத்திரைதான். நாளொன்றுக்கு ஒருமுறை உண்டால் போதும். அவ்வாறு உண்டு வருபவர் உடலில் கிருமி சோதனைக்கும் அகப்படாத அளவு குறைந்துவிடுகிறது. அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழியாக அவரிடமிருந்து பிறர்க்கு நோய் பரவுவதில்லை என்பதும் பல்லாண்டு ஆய்வுகளால் உறுதியாகியுள்ளது.

'ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. அஃது என்ன பெரிய காரியம்?' என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கேள்வி நியாயமே. ஆனால் ஒருவருடைய நாளைச் சற்று நினைத்துப் பாருங்கள். கூட்டுக் குடும்பத்தில் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கின்றனர். மாத்திரைப் புட்டியை எங்கே வைப்பது? மாமியார் கேட்டால் என்ன மருந்து என்பது? திருமண வீட்டில் மூன்று நாள் தங்க வேண்டுமானால் என்ன செய்வது? மில்லில் இரவு முறை வேலை வந்தால் எந்த வேளையில் உண்பது? மருந்து வாங்கும் நாளில் கூலி போய்விடுமே, மேற்பார்வையாளரிடம் என்ன காரணம் சொல்வது? அரசு மருத்துவமனை வாயிலில் உறவினர் எவரேனும் கண்டுவிட்டால்? இவற்றையெல்லாம் கடந்து ஓராண்டு உண்டபின் உடல் நன்றாகத் தேறிவிடுகிறது. அப்போது, 'எனக்குத்தான் ஒன்றுமில்லையே, இன்னும் எதற்கு மருந்து?' என்னும் எண்ணம் எழுகிறது. நலம் வந்ததே மருந்தை நிறுத்தக் காரணமாகிவிடுகிறது. இத்தனை கேள்விகளில் ஒன்றுக்கேனும் மருத்துவ நூலில் விடை இல்லை. மருத்துவருக்கோ வெளியே நூறு பேர் காத்திருக்கின்றனர். அதே வீட்டில், அதே மில்லில், அதே திருமணத்தில் இருந்து பார்த்த ஒருவரே அவற்றுக்கு விடை சொல்ல முடியும்.

இவ்வுண்மையை நோயாளிகள் மருத்துவர்க்கு முன்பே உணர்ந்துகொண்டனர். 1983ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்காவின் டென்வர் நகரில், தன்பாலின ஈர்ப்புடையோரின் உடல்நலம் பற்றிய மாநாடு ஒன்று நடைபெற்றது. மருந்தும் இல்லை, வாழ்நாளும் மிகுதியில்லை என்ற நிலையிலிருந்த எய்ட்ஸ் நோயாளிகள் சிலர் அதன் மேடையேறித் தங்கள் கொள்கைகளைப் படித்தனர். 'எங்களைப் பலியானவர்கள் என்று சொல்லாதீர்கள். நாங்கள் நோயாளிகளாக இருப்பதும் சிற்சில வேளைகளில்தான். நாங்கள் இந்நோயுடன் வாழும் மனிதர்கள்' என்பது அவர்கள் கூறியதன் சாரம். தங்களைப் பற்றி எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் தங்களுக்கு இடம் வேண்டும் என்றும் கேட்டனர். இன்று 'எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர்' என்று நாம் வழங்கும் சொற்றொடரின் வேர் அங்கே இருக்கிறது. ஒரு சொல்லை மாற்றுவதால் என்ன வந்துவிடும் என்று எண்ண வேண்டா. பலியானவர் பிறர்க்குத் துணையாக இயலாது. வாழ்பவர் துணையாக இயலும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1987இல், ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் நோரீன் கலீபா என்னும் பெண்மணி இந்நோய்க்குத் தம் கணவரைப் பறிகொடுத்தார். துயரத்தோடு வீட்டில் அடங்கிவிடாமல், நோயுற்ற நண்பர் சிலரோடு சேர்ந்து அவர் டாசோ என்னும் சங்கத்தைத் தொடங்கினார். அன்று அவர்கள் கையில் கொடுக்க மருந்து எதுவும் இல்லை. ஒருவர் துன்பத்தை ஒருவர் கேட்பதும், வீடு தேடிச் சென்று பேணுவதும், இறப்பவரைத் தனிமையில் இறக்கவிடாமல் இருப்பதுமே அவர்கள் செய்த மருத்துவம். பின்னாளில் அந்நாட்டுக்குக் கூட்டு மருந்து வந்தபோது, அதைப் பல்லாயிரவர்க்குக் கொண்டுசேர்க்கும் பெரிய நிறுவனமாக அச் சங்கமே வளர்ந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவியாகிய நிர்மலாவும் திரட்டிய குருதி மாதிரிகள் வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே சோதனையில் உண்மை வெளிப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் அச்சமே மிகுந்தது. நோயுற்றோர் வீட்டையும் வேலையையும் இழந்தனர். அந்நிலையில் 1997இல் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் இந்தியக் கூட்டமைப்பு சென்னையிலே தோன்றியது. 1998இல் கௌசல்யா பெரியசாமி முதலிய பெண்கள் சேர்ந்து பாசிட்டிவ் விமென் நெட்வொர்க் என்னும் அமைப்பை நிறுவினர். தம் நோயைப் பேர் சொல்லி வெளியே அறிவிக்கும் துணிவு அன்று அரிதினும் அரிது, அதுவும் பெண்களிடத்தில். கணவனிடமிருந்து நோயைப் பெற்று, கணவன் இறந்தபின் அந்தப் பழியையும் சுமந்து, மாமனார் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட இளம்பெண்கள் பலர் அந்நாளில் இருந்தனர். அவர்களுக்கு மாத்திரையைக் காட்டிலும் முதலில் வேண்டியிருந்தது, 'எனக்கும் இப்படித்தான் நேர்ந்தது. இதோ நான் இருக்கிறேன்' என்று சொல்ல ஓர் ஆள்.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய அரசு கூட்டு மருந்தை விலையின்றி வழங்கத் தொடங்கியது. 1928இல் காசநோயாளிகளுக்கென எழுந்த தாம்பரம் மருத்துவமனை, அவ்வாறு வழங்கிய தொடக்க கால நிலையங்களுள் ஒன்று. தமிழ்நாட்டில் குருதிச் சோதனையும் அறிவுரையும் தரும் அரசு நிலையங்களுக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். அங்கே நோய் உறுதியானவர் கூட்டு மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்பப்படுகிறார். இவ்விரு வாயில்களுக்கும் இடையிலே உள்ள வழி, வரைபடத்தில் பார்த்தால் சில மைல் தூரம்தான். ஆனால் முடிவு கேட்டு நிலைகுலைந்த ஒருவர் அவ்வழியில் எங்கேயும் காணாமற் போய்விடலாம். மருந்து தொடங்கியவரும் சில திங்களில் வராமல் நின்றுவிடலாம். இவ்வாறு விடுபட்டவர்களைத் தேடிக் கண்டு திரும்பக் கொணர்வதற்காக 2013ஆம் ஆண்டில் விகான் என்னும் திட்டம் நாடளாவத் தொடங்கப்பட்டது. விகான் என்றால் விடியல் என்பது பொருள். அதன் ஆதரவு மையங்களில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரே அறிவுரையாளராகவும் களப்பணியாளராகவும் அமர்ந்தனர்.

களப்பணியாளரின் வேலை எளிதன்று. பட்டியலில் உள்ள ஒருவரைத் தேடி ஊருக்குள் செல்ல வேண்டும். ஆனால் எதற்காக வந்தோம் என்பது தெருவாருக்குத் தெரியக்கூடாது. வீட்டில் வேறு யாரேனும் இருந்தால் உறவினர்போலவோ, பழைய நண்பர்போலவோ பேசிவிட்டு வர வேண்டும். தனியே சந்தித்தபின்பும், 'ஏன் மருந்தை நிறுத்தினாய்?' என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். தாமும் ஒருகாலத்தில் நிறுத்தியவர் என்றால், அதைச் சொல்வதே நல்ல தொடக்கம். குற்றம் சாட்டும் தகுதி தமக்கு இல்லை என்று அறிந்தவரிடம் எதிரில் இருப்பவர் உண்மையைச் சொல்வார். 'பேருந்துக் காசு இல்லை' என்பதா, 'மாத்திரை உண்டால் தலை சுற்றுகிறது' என்பதா, 'வீட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்பதா என்று காரணம் தெரிந்தபின்தான் பரிகாரம் தேட முடியும். காரணம் தெரியாமல் செய்யும் உபதேசம் காற்றோடு போகும்.

துணைவர் குழுக்கள் எவ்வாறு நடைமுறையில் இயங்குகின்றன என்பதற்கு மொசாம்பிக் நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். அந்நாட்டின் டெட்டே மாநிலத்தில் மருத்துவ நிலையங்கள் ஊர்களுக்கு மிகத் தொலைவில் உள்ளன. மாதந்தோறும் நெடுந்தூரம் நடந்து வந்து, நாள் முழுதும் காத்திருந்து மருந்து பெற்ற ஏழைகள் சிலர் இடையிலே கைவிட்டனர். 2008ஆம் ஆண்டில் எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் அமைப்பும் அந்நாட்டு நலத்துறையும் சேர்ந்து ஒரு வழி கண்டன. ஒரே வட்டாரத்து நோயாளிகள் ஆறு பேர் வரை ஒரு குழுவாவர். ஒவ்வொரு திங்களும் அவர்களுள் ஒருவர் மட்டும் மருத்துவ நிலையத்துக்குச் செல்வார். புறப்படுமுன் குழு கூடும். ஒவ்வொருவரிடமும் எத்தனை மாத்திரைகள் எஞ்சியுள்ளன, எவருக்கு இருமல், எவருக்குக் காய்ச்சல் என்று கேட்டுக் குறித்துக்கொள்வர். சென்றவர் தம் உடலைச் சோதித்துக்கொண்டு, ஆறு பேருக்கும் மருந்து வாங்கித் திரும்புவார். அடுத்த திங்கள் அடுத்தவர் முறை. ஆறு திங்களுக்கு ஒருமுறை ஒருவர் நடந்தால் போதும். நம் ஊர்களில் ஏரி நீரை முறைவைத்துப் பாய்ச்சுவதை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இதன் பயனை எண்ணாலும் அளந்தனர். முதல் ஆய்வில் 291 குழுக்களில் 1384 பேர் சேர்ந்திருந்தனர். ஏறத்தாழ ஓராண்டு அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். வேறிடம் மாறிச் சென்றவர் நீங்கலாக எஞ்சிய 1301 பேரில் 1269 பேர் மருந்தை விடாமல் தொடர்ந்தனர். 30 பேர் இறந்தனர். காணாமற் போனவர் இரண்டே பேர். இதைக் கேட்டவுடன் வியந்துவிடாமல் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். குழுவில் சேர்க்கப்பட்டவர் ஏற்கெனவே மருந்து உண்டு உடல்நிலை சீரானவர்களே. ஆகவே முழு வெற்றியையும் குழுவுக்கே உரியதாக்குதல் சரியன்று. ஆயினும் ஆயிரத்து முந்நூறு பேரில் காணாமற் போனவர் இருவர் என்பது, ஒருவரையொருவர் கவனித்துக்கொண்ட கண்களின் வேலை என்பதில் ஐயமில்லை.

அந்த ஐயத்தையும் போக்கும் முறையில் அமைந்தது சிம்பாப்வே நாட்டுச் சோதனை. மாணவராகிய நீங்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஏனெனில் அது உங்கள் வயதினரைப் பற்றியது. பிறக்கும்போதே கிருமியைப் பெற்ற குழந்தைகள் மருந்தின் துணையால் வளர்ந்து இன்று இளைஞராகின்றனர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தாங்கள் எதற்காக மாத்திரை உண்கிறோம் என்பதை அறிகின்றனர். அவ்வயதில் மனம் கொந்தளிக்கிறது. தோழர்களைப்போல் இருக்க விரும்பிப் பலர் மருந்தை வீசிவிடுகின்றனர். 2004இல் ஹராரே நகரில் அத்தகைய இளையோர் குழு ஒன்று தொடங்கியது. அதன் பெயர் ஸ்வாண்டிரி. 'நான் உள்ளபடி' என்பது சோனா மொழியில் அதன் பொருள். எச்.ஐ.வி.யுடன் வாழும் 18 முதல் 24 வயது வரையுள்ள இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து, தம்பி தங்கையரின் வீடுகளுக்கு அவர்களை அனுப்பினர். பின்னர் 16 மருத்துவ நிலையங்களைக் குலுக்கல் முறையில் இரு பகுதியாக்கி ஒப்பிட்டுப் பார்த்தனர். ஆய்வின் முடிவு 2020இல் வெளியாயிற்று. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்ற பகுதியில், கிருமி அடங்காமலோ இறந்தோ போனவர் மூன்றில் ஒரு பங்கினுக்கும் மேல். இளந்துணைவர் சென்ற பகுதியில் அத்தொகை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. இரு பகுதியினரும் உண்டது ஒரே மருந்துதான்.

தாய்மாரிடத்தும் இதுவே நிகழ்ந்தது. மருந்து இல்லாவிடில் தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி செல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை உண்டு. தக்க மருத்துவத்தால் அதை 5க்கும் கீழே குறைக்கலாம். 2001ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில், நோயுடன் நலமாய்க் குழந்தை பெற்ற தாய்மாரையே பிற கருவுற்ற தாய்மாருக்கு வழிகாட்டிகளாக அமர்த்தும் பணி தொடங்கியது. சோதனை முடிவைக் கேட்டு அழும் பெண்ணுக்கு எதிரே, நோயற்ற தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி வந்து அமர்கிறாள். அவள் வாய் திறந்து அதிகம் பேச வேண்டியதில்லை.

இத்துணையின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? மூன்று காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, சான்று. 'மருந்து உண்டால் இருபது ஆண்டு வாழலாம்' என்று மருத்துவர் சொல்வது செய்தி. இருபது ஆண்டு உண்டவர் எதிரில் நிற்பது சான்று. இரண்டு, நடைமுறை அறிவு. மாத்திரையை வேறொரு டப்பியில் மாற்றி வைத்துக்கொள்ளும் உபாயம் முதல், திருமணப் பேச்சு எழும்போது எப்படி உண்மையைச் சொல்வது என்பது வரை, பட்டவரே அறிவர். மூன்று, நாணம் நீங்குதல். தான் மட்டுமே இவ்வுலகில் இத்துன்பத்துக்கு ஆளானவன் என்ற எண்ணம் நோயினும் கொடியது; மற்றொருவரைக் கண்ட அளவிலே அது பாதி அகல்கிறது. அதோடு, உதவுபவருக்கும் பயன் உண்டு. பிறர்க்கு மருந்து உண்ணச் சொல்பவர் தாம் மறப்பதில்லை. பிறர்க்குப் பயன்படுகிறோம் என்ற உணர்வு இழந்த மதிப்பை மீட்டுத் தருகிறது.

எனினும் இதற்கு எல்லைகளும் உண்டு. அவற்றை மறைத்தல் நன்றன்று. துணைவர் மருத்துவர் அல்லர். தமக்குப் பயன்பட்ட உணவையோ மூலிகையையோ பிறர்க்கு மருந்தாகச் சொல்லி, உரிய மருந்தை நிறுத்தச் செய்தால் உயிருக்கே கேடு விளையும். எனவே பயிற்சி இன்றியமையாதது. மறை காத்தல் அதனினும் இன்றியமையாதது. ஒரு வார்த்தை வெளியே சிந்தினால் ஒரு குடும்பம் சிதறும். அதன்பின் அக்குழுவை எவரும் நம்பார். மேலும், நாள்தோறும் பிறர் துயரத்தைக் கேட்பவருக்கும் நெஞ்சு உண்டு. தாம் பேணிய ஒருவர் இறக்கும்போது, தம் இறப்பையே முன்னர்க் காண்பதுபோல் அவர் கலங்குவார். அவருக்கு ஓய்வும் ஆறுதலும் தரவும், மேற்பார்த்து உதவவும் ஆள் வேண்டும். இன்னும் ஒன்று: துணைவரும் சோறு உண்பவர்தாம். தொண்டு என்ற பெயரால் ஊதியமின்றியோ, பெயருக்கு ஊதியம் தந்தோ ஓர் ஏழையின் உழைப்பை வாங்கிக்கொண்டு, மருத்துவமனையில் பணியாளர் குறைவதற்கு அதை ஈடாக்குவது முறையன்று. நான்காம் கூறு மற்ற மூன்றுக்கும் துணையே அன்றி மாற்று அன்று.

இறுதியாக, மாணவ நண்பர்களே, உங்களோடு தொடர்புடைய ஒரு செய்தி. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பும் கட்டுப்பாடும் பற்றிய சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. இந்நோயைக் காரணமாகக் காட்டிப் பள்ளியில் இடம் மறுப்பதும், வேலையை விட்டு நீக்குவதும், மருத்துவம் மறுப்பதும் அச்சட்டப்படி கூடா. ஒருவர் இசைவின்றி அவர் நோயைப் பிறர்க்கு வெளியிடுவதும் கூடாது. அச்சட்டத்தில் ஒரு விதி படிப்பவர் நெஞ்சைத் தொடும். நோயால் பாதிக்கப்பட்ட குடும்பத்தை நடத்திவரும் பிள்ளை, 12 வயது நிரம்பி, போதிய பக்குவமும் உடையதாயின், தன் தம்பி தங்கையரைப் பள்ளியில் சேர்த்தல், மருத்துவம் செய்வித்தல் முதலியவற்றுக்குக் காப்பாளராகலாம் என்கிறது அது. பன்னிரண்டு வயதில் குடும்பத் தலைமை ஏற்கும் பிள்ளைகள் நம் நாட்டில் இருக்கிறார்கள் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர். உங்கள் வகுப்பிலும் அத்தகைய ஒருவர் இருக்கலாம். அவர் யார் என்று தேட வேண்டா. தேடுவது உதவியன்று, தீங்கு.

அப்படியாயின் நீங்கள் செய்யத்தக்கது யாது? நோயுற்றவர்க்கு நோயுற்றவர் தரும் துணையை நீங்கள் தர இயலாது. அது அவர்கள் பட்டுப் பெற்ற உரிமை. ஆனால் அவர்கள் ஒளிந்து ஒளிந்து மாத்திரை உண்ண வேண்டிய நிலை யாரால் வந்தது? நோயால் வந்ததன்று, சுற்றியிருப்போரின் சொல்லாலும் பார்வையாலும் வந்தது. இந்நோயைக் குறித்து உங்கள் எதிரில் யாரேனும் ஏளனமாகப் பேசும்போது, அதற்குச் சிரிக்காமல் இருங்கள்; அறிந்த உண்மையை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் நால்வரில் ஒருவர் அன்றிரவு மாத்திரையை உண்பதா, எறிவதா என்று எண்ணிக்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம்.